காத்தாடி சுத்துற வரைக்கும்

ஆடி பிறந்துவிட்டால் மேலக்கரட்டு ஊர்க்காரர்கள் கொஞ்சம் குனிந்தே நடப்பார்கள். மேற்கே ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கும் மேகாற்று உசிலம்பட்டியைத் தாண்டி, வறண்ட கண்மாயின் புழுதியை அள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும்போது யார் வீட்டுக் கூரை, யார் தலைச் சும்மாடு என்றெல்லாம் பார்ப்பதில்லை. கம்பங்கூழில் மண், குடத்துத் தண்ணீரில் மண். வாயைத் திறந்தால் பல்லில் மண் கடிபடும் என்பதால் அந்த மாதத்தில் ஊரில் சண்டைகூடக் குறைவு. பனைகள் எல்லாம் கிழக்கே எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து நிற்கும். அந்தக் காற்றுக்கும் அசையாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். ஊருக்கு மேற்கே கரட்டு மேட்டில் இருந்த, கரண்டு எடுக்கும் காத்தாடி.

அதன் மூன்று இறக்கைகளும் பல வருஷமாக ஒரே நிலையில் நின்றன. சுற்றாத இறக்கைகளில் மோதிய காற்று, வெள்ளைக் கோபுரத்தின் உச்சிக் கூட்டுக்குள் புகுந்து கீழே இறங்கும். அப்போது நிமிர்த்தி வைத்த கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுவதுபோல் ஒரு சத்தம் வரும். முத்துத்தாய் அந்தப் பக்கம் பார்க்காமலே காட்டு வேலை செய்யப் பழகியிருந்தாள். அவள் புருஷன் சிவனாண்டி அந்தக் கோபுரத்துக்குள்தான் விழுந்து செத்தார்.

அந்த வருஷம் வைகாசியில் ஒரு காலை அவள் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது மகன் பாண்டியராஜன் வரப்பில் ஓடி வந்தான். மதுரையிலிருந்து காத்தாடிக்கார முதலாளி மகன் வந்திருக்கிறார் என்றான். அவள் மண்வெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தண்ணீர் பாத்தி நிறைந்து வழிந்து அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

வந்தவன் பெயர் விஜய்ஆனந்த். இஸ்திரி கலையாத சட்டை, மூக்கை மூடிய கைக்குட்டை. செல்போனில் அப்பாவிடம் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, முத்துத்தாயைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் கும்பிட்டான். அவள் கண் அவனைப் பார்க்கவில்லை. அவன் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்த இடத்தைத்தான் பார்த்தது.

அவன் அப்பா பத்ரிநாத் மதுரையில் சாயப்பட்டறையும் சின்ன நூல் மில்லும் வைத்திருந்தவர். பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் இதே வரப்பில்தான் வந்து நின்றார். இனிமேல் தனியாரும் கரண்டு எடுக்கலாம் என்று சர்க்கார் சொன்ன புதிது. காத்தாடி நட்டால் அந்தச் செலவு முழுவதையும் அந்த வருஷத்து வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் மார்ச் முடிவதற்குள் நட்டாக வேண்டும். அதனால் பத்ரிநாத்துக்கு எல்லாமே அவசரமாக இருந்தது. எள்ளும் முளைக்காத அந்தக் கரட்டை சிவனாண்டி கொடுத்தார். பதிலுக்குத் தனக்கு வாட்ச்மேன் வேலை கேட்டார். இறக்கை ஏற்றிவந்த நீள லாரி திரும்ப வழியில்லாமல் ஊர் எல்லையில் இருந்த பட்டுப்போன புளியமரத்தை வெட்டினார்கள். அதை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

காத்தாடி இரண்டு ஆடி சுற்றியது. பிறகு உள்ளே கியர் பெட்டி இறுகி நின்றுவிட்டது. மெஷின் விற்ற கம்பெனிக்காரர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். பத்ரிநாத், அப்புறம் பார்க்கலாம் என்றார். நட்டதிலேயே அவருக்கு வரவேண்டிய லாபம் வந்துவிட்டது. அது சுற்றுவதும் நிற்பதும் அவருக்கு ஒன்றுதான் என்பது ஊருக்குப் பின்னால்தான் புரிந்தது. சிவனாண்டிக்குச் சம்பளம் வருவதும் நின்றது. அவர் மட்டும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் கரடு ஏறினார்.

அவர் எல்லாரையும் 'மாப்ள' என்று கூப்பிடுகிற மனுஷன். டீக்கடைக்காரர் மாப்ள, பஸ் கண்டக்டர் மாப்ள, பெற்ற மகனும் மாப்ள. பெத்த புள்ளைய மாப்ளங்கிறீகளே, ஊரு சிரிக்காதா என்று முத்துத்தாய் திட்டினால், சிரிக்கட்டும் புள்ள, வேற எதுக்குச் சிரிக்கப் போறாய்ங்க என்பார். அப்படிப்பட்டவர் காத்தாடி நின்றபிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆடிக் காற்றில் ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மேற்கே காது கொடுப்பார்.

"காத்து வந்து வாசல்ல நிக்கிது புள்ள," என்பார். "தெறந்து விட ஆளில்ல."

மாட்டு வண்டி ஓட்டியே வளர்ந்தவர். அச்சு இறுகினால் மசகு போட்டால் இளகும் என்பதே அவர் அறிந்தது. அதனால் ஒரு ஆடியில் மசகு டப்பாவையும் கடப்பாரையையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, தன்னிடம் இருந்த சாவியால் கோபுரக் கதவைத் திறந்து, உள் ஏணியில் ஏறினார். பாண்டியராஜன் தேடிப்போய்ப் பார்த்தபோது அடியில் கிடந்தார். கை முழுக்க மசகு. மேலே இறக்கைகள் அசையவில்லை.

அடுத்த ஆடியில், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் சத்யப்ரியா முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், கோலப்பொடியைக் கொட்டிவிட்டு எழுந்து, அண்ணனைப் பார்த்து ஆம்பளைக் குரலில், "மாப்ள, ஒரு பீடி இருந்தாக் குடு," என்றாள். அதற்கப்புறம் மேகாற்று கிளம்பும்போதெல்லாம் வந்தது. வந்தால் கேட்பது ஒன்றுதான். காத்து வந்து நிக்குது, தெறந்து விடுங்க.

கோடாங்கி பேயாண்டியை அழைத்து வந்தார்கள். அவர் உடுக்கடித்து, வேப்பங்குலையால் அடித்து, போறியா போறியா என்று கேட்டுச் சத்தியம் வாங்குகிறவர். அகாலமாகச் செத்து வந்தவர்களை அந்த ஊரில் பட்டுப்போன புளியமரத்தில்தான் கட்டுவார்கள். பிடித்தவளின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடித்து, 'இந்தப் பட்ட மரம் துளிர்க்கிற வரைக்கும் வரமாட்டேன்' என்று சத்தியம் செய்ய வைப்பார்கள். பட்ட மரம் எங்கே துளிர்க்கப் போகிறது? ஆனால் மரம் இப்போது இல்லை. லாரிக்காக வெட்டியாகிவிட்டது. பேயாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். ஊரில் அதைவிடப் பட்டுப்போனது ஒன்று கரட்டு மேட்டில் நின்றது.

இரும்புக் கதவில் ஆணி இறங்காமல் வளைந்தது. பேயாண்டி ஆணியைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, அங்கே கிடந்த செம்புக் கம்பியால் முடியைக் கதவுக் கீலில் சுற்றினார். அடி தாங்காமல் தொங்கிய சத்யப்ரியாவின் வாயால் சிவனாண்டி சத்தியம் செய்தார். இந்தக் காத்தாடி சுத்துற வரைக்கும் வரமாட்டேன். ஊரே நிம்மதியாக இறங்கி வந்தது. அந்தக் காத்தாடி சுற்றாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதன்பிறகு அவள் தெளிந்தாள். கல்யாணம் ஆகி மதுரையில் விளாங்குடிக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. இப்போது ஆறு மாதம். ஆனியில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தாயிற்று.

இந்த நேரத்தில்தான் விஜய்ஆனந்த் வந்து வரப்பில் நின்றான்.

"அம்மா, எங்கப்பா காலத்துல நட்டாலே லாபம். இப்பச் சுத்துனாத்தான் லாபம்," என்றான். "சட்டத்த மாத்திட்டாங்க. யாரு எடுத்த கரண்ட்டையும் யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்னு டெல்லியில கதவத் தெறந்து விட்டுட்டாங்க. கப்பலூர்ல ஒரு மில்லுக்குப் பேசி முடிச்சிட்டேன். கியர் பெட்டி வாங்கியாச்சு. ஆடிக் காத்துக்குள்ள சுத்தியாகணும்."

இங்கே எடுக்கும் கரண்டு கப்பலூருக்கு எப்படித் தனியாகப் போகும் என்று அவள் கேட்டாள். தனியாகப் போகாது, கண்மாயில் இந்தக் கரையில் ஒரு குடம் ஊற்றிவிட்டு அந்தக் கரையில் ஒரு குடம் மொண்டுகொள்கிற மாதிரிதான் என்றான். அவன் சொன்னதில் பொய் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. நல்ல பையன்தான். அவனுக்கு வேண்டியது பாதை. கியர் பெட்டியை இறக்கி ஏற்றப் பெரிய கிரேன் கரட்டுக்குப் போக வேண்டும். பழைய லாரிப் பாதை முத்துத்தாயின் பொறந்த வீட்டார் கொடுத்த நிலத்தில் இருந்தது. அதில் இப்போது சோளம் கதிர் வாங்கி நின்றது. சோளத்துக்கு நஷ்டஈடு தருவதாகவும், பாண்டியராஜனைக் காத்தாடிக்கு ஆப்பரேட்டராக வைத்துக்கொள்வதாகவும் சொன்னான்.

"பாத தர முடியாது தம்பி," என்றாள் முத்துத்தாய். காரணம் கேட்டான். அவள் மண்வெட்டியை எடுத்து உடைந்த மடையை அடைக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்புப் புகையைவிடப் பேச்சுத்தான் அதிகமாகக் கண்ணைக் கரித்தது. பாண்டியராஜன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருமங்கலத்தில் ஒரு கடையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. பெண் கேட்டுப் போன இடத்தில் எல்லாம், மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை இல்லையே என்றுதான் சொன்னார்கள்.

"பேய்க்குப் பயந்து நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு அடுத்தவன் கடையில காயில் கட்டணும்?"

"பேயுங்காதடா. ஒங்கய்யா."

"அய்யாதான. அவரு அது சுத்தலைன்னுதான செத்தாரு?"

"அவரு செத்தாரு. ஒந்தங்கச்சி வாழணும்ல. வகுத்துல புள்ளையோட இருக்கா."

முத்துத்தாய் பேயாண்டியைப் போய்ப் பார்த்தாள். அவருக்கு இப்போது கண் மங்கியிருந்தது. கொடுத்த சத்தியத்தை மாற்ற முடியாது என்றார். கட்டினது அந்தக் காத்தாடியில், அது சுற்றினால் கட்டு அவிழும். பெண்ணை இந்த வருஷம் இங்கே கூட்டி வராதே தாயி என்றார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்காத வீட்டை என்னவென்று சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும். வேறு வழி தெரியாமல் அவள் பாதையைத்தான் பிடித்துக்கொண்டாள். விஜய்ஆனந்த் இரண்டாம் முறை வந்தான். மூன்றாம் முறை ஆள் அனுப்பினான். அவள் முடியாது என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

ஆனியில் சத்யப்ரியா வந்தாள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். காற்றில் அவை தானாகவே கிலுகிலுத்தன. முத்துத்தாய் அவளுக்குக் கருவாடும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தாள். அவள் கேட்டதெல்லாம் செய்தாள். மேற்கு ஜன்னலை மட்டும் சாக்கு வைத்து அடைத்தாள். யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் ஊர் வாயில் சாக்கு வைத்து அடைக்க முடியுமா? தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு முத்துத்தாய் திரும்பியபோது பாய் காலியாக இருந்தது. வாசலுக்கு வந்தாள். கரட்டுப் பக்கமிருந்து வளையல் சத்தம் காற்றோடு வந்தது. விளக்குமாறு, குடம், மாடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். சோளத்துக்குள் விழுந்து எழுந்து, கல்லில் கால் இடறி, மேலே போய்ச் சேர்ந்தபோது சத்யப்ரியா கோபுரக் கதவு முன்னால் வயிற்றைச் சரித்து உட்கார்ந்து, களிம்பேறிய செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி பிரிந்துவிட்டது.

"என்னடி பண்றே, பாவி."

"எனக்கு ஞாபகம் இருக்கும்மா," என்றாள் அவள், திரும்பாமல்.

"என்ன ஞாபகம்?"

"அப்ப நான் பேசுனது. நெனப்பு இல்லாமப் பேசுனேன்னு எல்லாரும் நெனச்சீக. எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுல யாரோ பேசுற மாதிரிக் கேட்டுச்சு. அது அய்யாவா நானான்னு இப்பவும் தெரியாது. ஆனா என்ன கேட்டுச்சுன்னு தெரியும். தெறந்து விடுன்னுதான் கேட்டுச்சு. நீங்க எல்லாரும் சேந்து கட்டிப் போட்டீக."

"அவருதானடி சத்தியம் பண்ணாரு?"

"அம்புட்டு அடி அடிச்சா யாருதாம்மா பண்ண மாட்டா?"

முத்துத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷனைப் பேயாண்டியின் வேப்பங்குலைக்குக் கீழே அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. மகளை அடிக்கிறார்கள் என்று அழுதாள். மகளுக்குள் இருந்தவரையும் சேர்த்து அடிக்கிறார்கள் என்று தோன்றவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் காற்று இறங்கி, இரும்பின்மேல் சாய்ந்து, நகர்ந்தது.

கம்பி விட்டது. முடிக்கொத்து வெளுத்துத் தேங்காய் நார் மாதிரி இருந்தது. சத்யப்ரியா அதைக் காற்றில் விடக் கையை நீட்டினாள். தான் விடுவதாகச் சொல்லி முத்துத்தாய் அதற்குள் வாங்கிக்கொண்டாள். காற்று வாங்கிக்கொண்டது என்று மகள் நினைக்கட்டும் என்று, அவள் எழுந்து நடக்கும்போது பின்னால் நின்று மடியில் முடிந்துகொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மகள் முடிதான், ஆனால் அவரைக் கட்டியிருந்தது அதில்தான். அவ்வளவுதான் அவரிடமிருந்து மிச்சம்.

அன்றே அரிவாளை எடுத்துப் பாதைக்குரிய சோளத்தைப் பச்சையாக அறுக்கத் தொடங்கினாள். பாண்டியராஜன் கடைக்குப் போகாமல் கூட நின்று அறுத்தான். பால் பிடித்த கதிர்கள் கையில் பிசுபிசுத்தன. மாடுகளுக்கு எதிர்பாராத விருந்து. அறுத்த தட்டைகளை அடுக்கி முடித்ததும் அவள் சொன்னாள்: "வரச் சொல்லுடா அந்தத் தம்பிய."

கிரேன் வந்தபோது திருமங்கலம் ரோட்டில் பஸ்கள் ஓரங்கட்டி நின்றன. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து கரட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய கியர் பெட்டி செத்த எருமை மாதிரி அந்தரத்தில் தொங்கி இறங்கியது. அதன் அச்சில் ஒரு இடத்தில் காய்ந்த மசகு கை அகலத்துக்கு அப்பியிருந்ததாகப் பாண்டியராஜன் தங்கையிடம் மட்டும் சொன்னான். அப்படியென்றால் அய்யா உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறார். இறங்கும்போதுதான் விழுந்திருக்கிறார்.

ஆடி முதல் வெள்ளி காத்தாடி சுற்றியது. முதலில் ஒரு இறக்கை, தூக்கத்தில் புரள்வதுபோல் மெல்ல இறங்கியது. அப்புறம் மூன்றும் ஒன்றாகிவிட்டன. கோபுரத்துக்குள்ளிருந்து கூப்பிட்ட சத்தம் நின்றுபோனது. அதற்குப் பதிலாக நெல் குத்துகிற மாதிரி ஒரு சீரான ஓசை ஊர் முழுக்கக் கேட்டது. சாயங்காலம் வெயில் சரிந்ததும் இறக்கைகளின் நிழல் ஊருக்குள் வந்தது. கூரை மேல், முற்றத்தின் மேல், கட்டியிருந்த மாட்டின் முதுகின் மேல் போய்ப் போய் வந்தது. கோழிகள் பருந்து என்று நினைத்துக் குஞ்சுகளோடு திண்டாடின. நிழல் சத்யப்ரியாவின் வயிற்றைத் தடவிக்கொண்டு போகும்போதெல்லாம் முத்துத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். குரல் மாறுகிறதா, பீடி கேட்கிறாளா என்று காத்திருந்தாள். அவள் புளிப்பு மாங்காய் கேட்டாள். உதைக்கிறாம்மா என்றாள். சிரித்தாள்.

முத்துத்தாய்க்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்தது. அடியில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. அவர் வரவே இல்லை. மடி முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஆடிப்பெருக்கு கழிந்து காற்று உச்சத்துக்கு வந்தது. பனைமட்டைகள் பறந்தன. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்த அப்படியொரு சாயங்காலம், பாண்டியராஜன் சட்டைப் பையில் முதலாளி கொடுத்திருந்த போன் அடித்தது. அவன் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கரட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த நிழல் தளர்ந்தது. ஒரு இறக்கையின் நிழல் சுவரில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. நெல் குத்துகிற ஓசை ஓய்ந்தது.

திரும்பி வந்து கை கழுவி உட்கார்ந்தவனுக்கு முத்துத்தாய் சோறு போட்டாள். மறுபடி கெட்டுப்போச்சா என்று கேட்டாள். கெடவில்லை, தான்தான் நிறுத்தினேன் என்றான்.

"காத்து இப்படி அடிக்கிதேடா."

"காத்து அடிக்கிறதாலதாம்மா மேல கரண்டாபீசுல இருந்து நிறுத்தச் சொல்றாங்க. ஆண்டிபட்டியில இருந்து இங்கிட்டு வரைக்கும் ஆளாளுக்கு நட்டுட்டாங்க. எல்லாம் ஒண்ணாச் சுத்துனா லைன் தாங்கலயாம். எடுக்க எடமில்லையாம். காத்துக் கொறஞ்ச பெறகு போடச் சொல்லுவாங்க."

"காத்துக் கொறஞ்ச பெறகா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சோற்றைப் பிசைந்தான். அப்பா கழட்ட முடியாமல் செத்த பூட்டைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தவனுக்கு என்ன சிரிப்பு வரும்? விஜய்ஆனந்தும் போனில் கிட்டத்தட்ட அழுதான் என்றான். மில்லுக்குக் கொடுத்த வாக்கு போச்சு, கதவைத் திறந்தவர்கள் பாதை போடவில்லை என்று புலம்பினானாம்.

சுவரிலிருந்த நிழல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வீட்டு இருட்டோடு கலந்தது. சத்யப்ரியா கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். முத்துத்தாய் கரண்டியோடு நின்றாள். முதலில் மெல்லத்தான் வந்தது. கரட்டிலிருந்து, நிமிர்த்தி வைத்த கிணற்றுக்குள்ளிருந்து, அந்தப் பழைய சத்தம். வந்து வாசலில் நின்றது. இனி அதைக் கட்டிவைக்க ஒரு சத்தியமும் இல்லை. சுற்றுகிற வரைக்கும்தான் என்று சொன்னார், சுற்றியாகிவிட்டது. அவள் கை மடி முடிச்சுக்குப் போனது.

"மாப்ள," என்று யாரோ சொன்னார்கள். "காத்து வந்து வாசல்ல நிக்கிது. தெறந்து விடு."

சத்யப்ரியாவின் வளையல் நின்றது. பாண்டியராஜன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். இரண்டு பேரும் ஏன் தன்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று முத்துத்தாய்க்கு முதலில் புரியவில்லை. மகள் வாய் மூடியிருந்தது. மகன் வாய் மூடியிருந்தது. தன் தொண்டை கரகரத்து, பீடிப்புகை அடைத்த மாதிரி எரிந்தது.

பாண்டியராஜன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் வேலை செய்யாமல் மாட்டிக்கொண்டு நிற்பானே, அப்படி நின்றான்.

"மேல இருந்து சொல்லணுமே, அய்யா," என்றான்.